பங்காளி யாருங்க?
பதினேழாவது இலக்கை வளவிலிருந்து வாசித்தல்

1

கவிதை, கதை, நாவல் மட்டும்தான் விமர்சனத்துக்கு உரிய பிரதிகளா? நம் சனங்களின் வாழ்க்கையை நாவலைவிட அதிகமாக மாற்றி எழுதுவது அரசாணையும் ஒப்பந்தப் பத்திரமும்தான். ஆனால் அவற்றை யாரும் வாசிப்பதில்லை. நம்மிடம் வாசிக்கக் கொடுப்பதுமில்லை. கைநாட்டு வைக்கிற இடத்தை மட்டும் காட்டுவார்கள். ஆகவே இந்த முறை அப்படி ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறேன்.

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை 'நீடித்த வளர்ச்சி இலக்குகள்' என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. இலக்கு 17, அதற்குள் உட்பிரிவு 169. வறுமை ஒழியணும், பசி போகணும், தண்ணி சுத்தமா இருக்கணும், பெண்ணுக்குச் சம இடம் வேணும் என்று 16 இலக்குகளைச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்றைச் சொல்கிறது: இதையெல்லாம் செய்துமுடிக்கப் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் கூட்டுச் சேரவேண்டும். இதுதான் பதினேழாவது இலக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. கெட்டது செய்கிற பிரதிகள் எதுவும் கேட்கக் கெட்டதாக இருப்பதில்லை. அதனால் அதன் சொற்களை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பணம். 17.2 என்ற உட்பிரிவு, பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தரவேண்டும் என்கிறது. இது புதுப் பேச்சில்லை. 1970 அக்டோபரிலேயே ஐ.நா. பொதுச்சபை இதே 0.7-ஐத் தீர்மானமாகப் போட்டுவிட்டது. ஐம்பது வருஷம் தாண்டியாயிற்று. எந்த வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவைத் தொட்ட நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொகையில் பெரிய கொடையாளியாக இருந்த அமெரிக்கா அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட 0.7-ஐத் தொட்டதில்லை. 2025-இல் தன் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டையே இழுத்து மூடிவிட்டது. கூட்டில் ஒருத்தன் 'நான் வரலை' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தால், மற்றவர்கள் அவனைக் கேட்க ஒரு வழியும் அந்தப் பிரதியில் கிடையாது.

அடுத்தது 17.18. என்னை நிறுத்திய இடம் இதுதான். வளர்ச்சி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறது. சரிதான். எப்படிப் பிரிக்க? வருமானம், பால், வயது, இனம், இனக்குழு, இடம்பெயர்ந்த நிலை, உடல் ஊனம், வாழும் இடம் என்று வரிசையாக எண்ணுகிறது. சாதி இல்லை. கடைசியில், அந்தந்த நாட்டுக்குப் பொருந்தும் 'பிற தன்மைகள்' என்று ஒரு வால் இருக்கிறது. நாம் அந்த வாலில் இருக்கிறோம். இருபது கோடிப் பேருக்கு மேல் இந்தியாவில் மட்டும் தலித்துகள் இருக்கிறோம். உலகத்தையே மாற்ற எழுதிய பிரதியில் நம் பெயர் 'பிற'. கிராமத்துக் கல்யாணச் சாப்பாட்டில் கடைசிப் பந்தி எங்கே போடுவார்கள் என்று நமக்குத் தெரியும். உலகப் பந்தியிலும் அதே இடம்தான்.

இது மறதியில் நடந்ததில்லை. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. அது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று எதிர்த்தது இந்திய அரசு. இறுதி அறிக்கையில் அந்தச் சொல் வரவில்லை. ஆக உலகக் கூட்டு என்பது அரசும் அரசும் பேசிக்கொள்வது. அரசு எதை மறைக்க விரும்புகிறதோ அது கூட்டின் மொழியிலும் மறைந்துபோகும்.

இந்தியாவில் நிதி ஆயோக் 2018 முதல் இந்த இலக்குகளுக்கு மாநிலவாரியாக மார்க் போடுகிறது. தமிழ்நாடு முன்வரிசையில்தான் இருக்கும். ஆனால் பதினேழாவது இலக்குக்கு மட்டும் மார்க் கிடையாது, வருணனைதான். கூட்டு எப்படி நடக்கிறது என்று அளக்க அவர்களிடம் படி இல்லை. நம்மிடம் இருக்கிறது. அதைத்தான் இனி எடுக்கிறேன்.

2

பிரதியின் நடுச்சொல் பார்ட்னர்ஷிப். அரசுத் தமிழில் 'கூட்டாண்மை' என்கிறார்கள். தொண்டு நிறுவனத் தமிழில் 'பங்குதாரர்கள்'. நம் சனம் பேசுகிற தமிழில் இதற்குப் பக்கத்தில் இருக்கிற சொல் ஒன்றுதான்: பங்காளி.

தமிழில் பங்காளி என்றால் சும்மா கூட நிற்கிறவன் இல்லை. ஒரே பாட்டன் சொத்தில் உரிமை உள்ளவன். வேண்டாம் என்றால் பிரித்துக் கேட்கலாம். தரலை என்றால் வரப்பில் நின்று சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். 'பங்காளிச் சண்டை', 'பங்காளிக் காய்ச்சல்' என்ற வழக்குகள் எப்படி வந்தன? இரண்டு பேருக்கும் ஒரே பத்திரத்தில் பேர் இருப்பதால் வந்தன. சண்டை போட உரிமை இருப்பவன்தான் பங்காளி. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுகிறவன் பங்காளி ஆகமாட்டான். அவனுக்கு வேறு பெயர் இருக்கிறது, அரசே வைத்த பெயர்: பயனாளி.

வெள்ளகோவிலைச் சுற்றிய கிராமங்களில் இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். மாரியம்மன் பொங்கல் வந்தால் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி கொடுக்கிற குடும்பத்துக்குக் கோயிலில் பேச்சு உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. எங்கள் வளவில் வரி வாங்கமாட்டார்கள். நாங்கள் கொடுக்கிறோம் என்று போய் நின்றாலும் வாங்கமாட்டார்கள். பணம் பத்தாமல் இல்லை, வாங்கினால் உரிமை வந்துவிடும். ஆனால் பொங்கலன்று சோறும், பண்ணயத்தில் இருந்தால் ஒரு வேட்டி சேலையும் தருவார்கள். 'உங்களுக்கு என்ன கொறை வெச்சோம்?' என்ற கேள்வியும் கூடவே வரும். கொடை கொடுப்பது தாராள மனசு இல்லை. வரி வாங்காமல் இருப்பதற்கான விலை அது. பணக்கார நாடு ஏழை நாட்டுக்கு உதவி தருவதையும், அதே சமயம் உலக வர்த்தக விதிகளை எழுதும் அறையில் அதற்குச் சமமான பேச்சுத் தராததையும் புரிந்துகொள்ள எங்களுக்குப் பொருளாதாரப் புத்தகம் தேவைப்படவில்லை.

எங்கள் வளவில் ஒரு பாட்டியிடம் இந்தப் பதினேழாவது இலக்கைச் சொல்லிப் பார்த்தேன். உலக நாடெல்லாம் பங்காளியாகுதாம் பாட்டி என்றேன். 'நமக்குள்ள பங்காளி இருக்காங்க கண்ணு, பங்கு போடத்தான் ஒண்ணுமில்ல. பங்கு இருக்கற எடத்துல நமக்கு எப்பவும் பண்ணாடிதான்' என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதப்போவது இவ்வளவுதான்.

கொங்கு நாவல்களையும் இந்தக் கண்ணோடு திரும்ப வாசிக்கலாம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. வட்டார நாவலின் முன்னோடி என்று அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு மொழிநடையைச் சொல்லிக்கொடுத்தார்கள், சிக்கலைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கதை எதைப் பற்றியது? கணவனை இழந்த ஒரு பெண் கொழுந்தனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். அந்தக் கேள்வி கொலையில் போய் முடிகிறது. பங்கு கேட்கிற பெண் எவ்வளவு பெரிய கலவரம் என்று காட்டிய நாவல் அது. ஆனாலும் அவளுக்குக் கேட்க ஒரு வாசல் இருந்தது. அவள் அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். காடு உள்ள குடும்பத்துக்குள்ளேதான் அந்தச் சண்டை.

அதே கொங்குக் காட்டில் அடுத்த கதையைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யில் 2000-இல் எழுதினார். கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன் கூளையன். உழைப்பு அவனுடையது. கூலி அவன் கைக்கு வராது. அவனைப் பண்ணயத்துக்கு விட்டது அவன் அப்பன், பேசிக்கொண்டது பெரியவர்கள். தன்னைப் பற்றிய ஒப்பந்தத்தில் தான் இல்லாதவன் அவன். நாகம்மாளுக்கும் கூளையனுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பங்காளிக்கும் பயனாளிக்கும் நடுவில் உள்ள தூரம். உலகக் கூட்டு எங்கள் ஊருக்கு எந்த வழியாக வந்தது என்று பார்க்கும்போது இந்த இரண்டு பேரையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

வெள்ளகோவிலுக்கு வடக்கே நொய்யல் ஓடுகிறது. ஓடுகிறது என்று பழக்கத்தில் சொல்கிறோம். கோவையிலிருந்து திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேரும் இந்த ஆற்றில், திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992-இல் திறந்தார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை. அதே காலத்தில் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி பொங்கி எழுந்தது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஊரிலிருந்து போகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கேட்ட கலர் எல்லாம் இங்கே தோய்த்து அனுப்பப்பட்டது. சாயக்கழிவு அணையில் வந்து நின்றது. பாசன அணை சாயத்தொட்டி ஆயிற்று. கிணறு உப்பாகி, தென்னை கருகி, மாடு குடிக்காத தண்ணியாகப் போச்சு. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை அதற்குப் பிறகுதான் நிஜமாக இறுகியது.

இந்த இடத்தில் ஒரு சர்வதேசக் கூட்டு வருகிறது. திருப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவர 1995-இல் ஒரு கம்பெனி ஏற்படுத்தினார்கள். தமிழ்நாடு அரசும் தனியார் முதலீடும் சேர்ந்தது. யு.எஸ்.எய்ட் அதற்குப் பக்கபலமாக நின்றது. இந்தியாவில் தண்ணீருக்கு அரசு-தனியார் கூட்டு என்றால் இதைத்தான் முன்மாதிரியாக உலக அரங்குகளில் காட்டினார்கள். பவானி ஆற்றுத் தண்ணீர், நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்ளளவு, 2005-இல் குழாயில் வந்தது. நகரத்துக்கும் வழியோர ஊர்களுக்கும் குடிதண்ணீர் கிடைத்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் ஆலைகளுக்கு.

இந்தக் கூட்டை ஒரு பிரதியாக வாசித்தால், தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்துக்கு ஒப்பந்தம் இருந்தது, பங்குதாரர்கள் இருந்தார்கள், லாபக் கணக்கு இருந்தது. சாயக்கழிவு வெளியே போகிற பக்கத்துக்கு அந்தக் கூட்டில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பக்கம் நொய்யலும் ஒரத்துப்பாளையமும் சின்னமுத்தூரும் இருந்தன. அவை கூட்டில் இல்லை. சட்டைக்கு விலை பேசின வெளிநாட்டுக் கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றின் விலை சட்டையின் விலையில் சேரவில்லை.

அதற்குள்ளும் ஒரு உள்கணக்கு உண்டு. நஷ்டஈடு வந்தபோது அது பட்டாவின் கணக்கில் வந்தது. நிலம் கெட்டவனுக்கு ஏக்கர் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். போதாது என்று அவர்கள் போராடியது நியாயம், நாங்களும் கூட நின்றோம். ஆனால் அந்தக் காட்டில் களை எடுத்து, தேங்காய் பறித்து, மாடு மேய்த்துப் பிழைத்த அருந்ததியர் குடும்பத்துக்கு எந்தப் பட்டாவைக் காட்டுவது? காடு கெட்டதும் முதலில் வேலை இழந்தது அவர்கள்தான். அந்தப் பெண்கள்தான் பிறகு மில் வேனில் ஏறினார்கள். ஆற்றைக் கெடுத்த தொழிலுக்கே ஆளாகப் போனார்கள். சுற்றுச்சூழல் பேசுகிற நம் தோழர்களில் பலர் ஆறு வரைக்கும் பேசுவார்கள், வரப்பு வரைக்கும் பேசுவார்கள். வேன் வரைக்கும் வரமாட்டார்கள்.

வெள்ளகோவில் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடையிலும் இருக்கிறது. தலைமதகில் எத்தனை அடி திறந்தார்கள் என்று பேப்பரில் வரும். கடைமடைக்கு எத்தனை வந்தது என்று வாய்க்காலில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் திறந்த தண்ணீர் எங்கே வற்றியது என்பதை நாங்கள் அந்தக் கடைமடையில் நின்றுதான் சொல்கிறோம்.

4

மில் வேனுக்கு வருவோம். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கொங்கு நாட்டு நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பரவியது. கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகளை மூன்று வருஷம், சில இடத்தில் அதற்கும் மேல், ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்குவது. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் மொத்தமாக 30,000, 50,000 என்று கொடுப்பதாகச் சொல்வது. இடையில் உடம்பு கெட்டு வந்துவிட்டால் அந்த மொத்தம் போச்சு. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று பெத்தவர்கள் அனுப்பினார்கள். கூளையனின் அப்பன் அனுப்பினான் அல்லவா, அதே மாதிரி. வந்த பிள்ளைகளில் பெரும்பகுதி தலித். 'சுமங்கலி' என்ற பெயரைப் பாருங்கள். தலித் பெண்ணின் உழைப்பைப் பறிக்க ஒரு மங்கலச் சொல். தமிழ் படித்தவர்கள் வெட்கப்பட வேண்டிய இடம்.

என் பெரியம்மா மகள் ஒரு மில்லில் இப்படி இருந்தாள். மில்லின் பேர் வேண்டாம். 'சைடு' பார்க்கிற வேலை. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிநேரம் பெத்தவங்களைப் பார்க்கலாம், வார்டன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். 'ஆடிட் வர்ற அன்னிக்குத்தான் எங்களுக்குப் புது மாஸ்க்கு, புதுத் தொப்பி. வெள்ளக்காரங்க என்ன கேட்டா என்ன சொல்லோணும்னு முந்தின நாளே சொல்லிக் குடுத்துருவாங்க. செவுத்துல ஒரு போர்டு இருக்கும். இங்கிலீசுல. அதுல என்ன எழுதியிருக்குன்னு அஞ்சு வருசம் கழிச்சு நீதான் சொன்னே' என்பாள். அந்த போர்டுதான் வாங்குகிற கம்பெனியின் நடத்தை விதி. குழந்தைத் தொழிலாளர் இல்லை, கட்டாய வேலை இல்லை, பாகுபாடு இல்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் பேசிக்கொண்டது. அவளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, அவளுக்கு எழுதவில்லை.

2011-இலும் 2014-இலும் நெதர்லாந்து அமைப்புகள் இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவில் சத்தம் எழுந்தது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உள்ளூரில் கத்திக் கத்தித் தொண்டை வற்றிய இயக்கங்களுக்கு அந்தச் சத்தம் உதவியது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமான பனியன் தொழிலாளிகள் செத்தார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் 2014-இல் அரசும் கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நீடித்த ஜவுளிக்கான ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டமைப்பு தமிழ்நாட்டு நூல் மில்களுக்கென்றே ஒரு முயற்சியையும் எடுத்தது. மில்களில் புகார்க் குழுக்களுக்குப் பயிற்சி, பெண்களுக்கு உரிமை பற்றி வகுப்பு. பதினேழாவது இலக்கு இதைத்தான் பல தரப்புக் கூட்டு என்கிறது.

இப்படிப்பட்ட 'பங்குதாரர் கூட்டம்' ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். ஏ.சி. ஓட்டல். ஏற்றுமதியாளர் தரப்பு, வாங்குகிற தரப்பு, அதிகாரி தரப்பு, தொண்டு நிறுவனத் தரப்பு. தொழிலாளி தரப்பு என்று இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள், யூனிபாரத்தில். மைக்கை நீட்டினதும் ஒருத்தி, 'எங்க மில்லு நல்லா பாத்துக்கறாங்க' என்று சொல்லிவிட்டு மேனேஜர் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. வந்த வெளிநாட்டுப் பெண் உண்மையிலேயே அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை நிற்கப்போவது மேனேஜர் முன்னால்தான். அவளுக்குப் பின்னால் சங்கம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. பயிற்சி கொடுத்தால் உரிமை தெரியும். தெரிந்த உரிமையைக் கேட்டால் வேலை போகாது என்ற உறுதி வகுப்பில் கிடைக்காது.

5

இனி வேறு மாதிரி ஒரு பிரதி. வெள்ளகோவிலிலிருந்து மூலனூரைத் தாண்டித் தெற்கே போனால் திண்டுக்கல் மாவட்டம். வேடசந்தூர் வட்டாரத்தில், திருப்பூர் ஈஸ்ட்மேன் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் என்ற பனியன் கம்பெனி எச் அண்ட் எம்முக்குத் துணி தைத்துக்கொடுத்தது. அங்கே வேலை செய்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். மாசக்கணக்கில் தொந்தரவு நடந்திருக்கிறது, சொன்னால் வேலை போகும் என்று பயந்து இருந்தாள் என்று அவள் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கம்பெனியிலும் ஆடிட் நடந்துகொண்டுதான் இருந்தது. போர்டும் இருந்திருக்கும்.

இந்த முறை சும்மா விடவில்லை. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம், தலித் பெண்கள் முன்னால் நிற்கிற சங்கம், ஒரு வருஷத்துக்கு மேல் போராடியது. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகள் கூட நின்றன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்கத்துக்கும் கம்பெனிக்கும் ஒரு ஒப்பந்தம். சங்கத்துக்கும் எச் அண்ட் எம்முக்கும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பிறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. சுமார் 5,000 பெண்களுக்கு அது பொருந்தியது.

இந்தப் பிரதியில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பாலியல் தொந்தரவைக் கண்காணிக்க லைனில் வேலை செய்கிற பெண்களையே சங்கம் பயிற்சி கொடுத்து நிறுத்தியது. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற ஆடிட்டர் இல்லை, பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறவள். இரண்டாவது, கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிற பெரிய கம்பெனி ஆர்டரை வைத்து நெருக்க வேண்டும். அது தாராள மனசு இல்லை, கடமை. மூன்றாவது, பாலினத்தோடு சேர்த்துச் சாதியையும் பெயர் சொல்லி எழுதினார்கள். உலக நாடுகள் எல்லாம் கூடி எழுதிய 169 உட்பிரிவில் இடம் கிடைக்காத சொல்லுக்கு வேடசந்தூரில் தைக்கிற பெண்கள் இடம் வாங்கிவிட்டார்கள். இலக்கிய விமர்சனத்தில் மௌனத்தை உடைத்தல் என்று பெரிசாகப் பேசுகிறோமே, இதுதான் அது.

முதல் வருஷ அறிக்கையில் 185 புகார் வந்தது, 182 தீர்ந்தது என்று சொன்னார்கள். சிலர் இதைப் பார்த்துவிட்டு, ஒரு கம்பெனியில் இத்தனை புகாரா என்று முகம் சுளித்தார்கள். நான் தலைகீழாகப் படிக்கிறேன். ஓட்டல் கூட்டத்தில் ஒரு புகாரும் இல்லை, எல்லாம் 'நல்லா பாத்துக்கறாங்க'. பங்காளிக்குத்தான் சண்டை என்று மேலே சொன்னேன். 185 என்பது அந்தப் பெண்கள் பங்காளி ஆன கணக்கு.

அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. ஒரு குழுமத்தின் சில ஆலைகள்தான் உள்ளே வந்தன. கொங்கு நாட்டில் எத்தனை மில், எத்தனை தறிக்குடோன்! பெரிய கம்பெனியின் பேர் ஒட்டாத துணியை நெய்கிற பெண்ணுக்கு நெருக்கிப் பிடிக்க ஒரு வெளிநாட்டு பையர்கூட இல்லை. வாங்குகிறவன் வேறு நாட்டுக்கு ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போனால் ஒப்பந்தத்தின் உயிரே போகும். 2020-இல் கொரோனா வந்ததும் ஆர்டரைப் பாதியில் நிறுத்தியவர்கள் இவர்கள்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூரில் முதலில் ஷிப்ட் குறைந்தது பீஸ் ரேட் தொழிலாளிக்குத்தான். அந்த வரியைப் போடும் முன்னால் எந்தப் பங்காளி எந்தப் பங்காளியைக் கேட்டான்?

கையெழுத்துப் போட்டால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது என்பதும் நம் வரலாறு. 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கையெழுத்து இருக்கிறது, நம் இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்தும் இருக்கிறது. எந்த நெருக்கடியில் போட்டார்கள், எதை இழந்து எதை வாங்கினார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்து இருப்பதால்தான் இன்றுவரை அதைக் காட்டிக் கேட்க முடிகிறது. கையெழுத்து இல்லாத இடத்தில் கேட்கவே முடியாது.

6

இரண்டு எதிர்ப்பேச்சுகளுக்குப் பதில் சொல்லாமல் முடிக்க முடியாது.

ஒன்று: வெளிநாட்டுக்காரன் நம் தொழிலைக் கெடுக்கச் சாதியைப் பேசுகிறான், சுமங்கலித் திட்டம் என்று கதை கட்டுகிறான், இது நாட்டின் மானப் பிரச்சினை. முதலாளிகள் இப்படிச் சொல்வது புரிகிறது. டர்பனில் அரசு சொன்னதும் இதேதான். ஊர் மானம் என்று சொல்லித்தான் வளவில் நடக்கும் எதையும் போலீஸுக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே 'பேசி முடிப்பார்கள்'. பேசுகிறவர்கள் யார், முடிகிறது யாருக்கு என்று கேட்டால் ஊர் மானம் போய்விடும். நாட்டு மானமும் அதே மானம்தான்.

இரண்டு: இடதுசாரித் தோழர்கள் சொல்வது. இதெல்லாம் ஏகாதிபத்தியத்தின் முகமூடி, வெளிநாட்டுப் பணம் இயக்கத்தை மழுங்கடிக்கும். இதில் பாதி உண்மை. திட்டம் முடிந்ததும் காணாமல் போன தொண்டு நிறுவனங்களை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் தோழரே, ஏகாதிபத்தியம் அமெரிக்காவிலிருந்து கிளம்பி எங்கள் வளவுக்கு வரும்போது யார் வீட்டுத் திண்ணையில் இறங்குகிறது? மில் முதலாளி, மேஸ்திரி, ஆள் பிடிக்கிற புரோக்கர் எல்லாம் எந்தத் தெரு? அந்தத் திண்ணையைத் தாண்டாமல் வெள்ளை மாளிகையை மட்டும் திட்டினால் உங்கள் பேச்சிலும் சாதி 'பிற தன்மைகள்' ஆகிவிடுகிறது. ஐ.நா. பிரதியில் நான் கண்ட குறை உங்கள் துண்டறிக்கையிலும் இருக்கிறது.

7

'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லை 1987-இல் பிரண்ட்லண்ட் குழுவின் அறிக்கை பரப்பியது. வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். கொங்குச் சீமையில் உண்மையாகவே நீடித்திருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். ஆறு நீடிக்கவில்லை. கம்பங்காடு நீடிக்கவில்லை. ஊருக்கும் வளவுக்கும் நடுவில் உள்ள தூரம் நீடிக்கிறது. அதையும் சேர்த்து நீடிக்க வைக்கிற வளர்ச்சி நமக்கு வேண்டாம்.

ஆகவே இனி எந்தக் கூட்டு, எந்த நிதி, எந்தத் திட்டம் நம் பக்கம் வந்தாலும் அதைப் படிக்கக் கேட்போம். தமிழில் கேட்போம். படித்ததும் மூன்று கேள்வி கேட்போம். இதில் எங்கள் சங்கத்தின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறதா? மீறினால் யாரை, எங்கே போய் நிறுத்தலாம்? சாதி என்ற சொல் இதில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?

மூன்றுக்கும் பதில் இருந்தால் நாம் பங்காளி, உட்கார்ந்து பேசலாம். இல்லையென்றால் கொடுக்கிறதை வாங்கிக்கொள்வோம், அதில் தப்பில்லை, அதுவும் நம் உழைப்பிலிருந்து போனதுதான். ஆனால் கைதட்ட மாட்டோம்.